பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி? வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு

அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பிப்பவர்களிடம் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். பிரிட்டனில் பொதுவாக இரண்டு போதும். ஆக்ஸ்ஃபோர்டில் பல படிப்புகளுக்கு மூன்று. ஜெர்மனியில் இடத்துக்கு இடம் மாறும்: சில பல்கலைக்கழகங்கள் ஒன்றோ இரண்டோ கேட்கும், சில ஒன்றுமே கேட்பதில்லை. வெளிநாடுதான் என்றில்லை, நம் நாட்டு அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கும் ஓர் ஆசிரியரின் கடிதம் வேண்டும்.

மார்க், ஆங்கிலத் தேர்வு, எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று மாணவரே எழுதும் நோக்க அறிக்கை) எல்லாம் மாணவர் கையில் இருப்பவை. எல்.ஓ.ஆர். எனப்படும் பரிந்துரைக் கடிதம் மட்டும் இன்னொருவருடைய நேரத்தையும் ஞாபகத்தையும் நம்பி நிற்கிறது. ஓர் ஆசிரியர் வகுப்புக்கு 60 பேர் வீதம் வருடத்துக்கு மூன்று நான்கு வகுப்புகளைப் பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்ன செய்தார் என்று அவருக்கு நினைவில்லாமல் போவதில் வியப்பில்லை. கடிதம் கேட்கும் வேலையில் பெரும்பகுதி அந்த ஞாபகத்தை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான். மீதி, அதை எழுத நேரம் கொடுப்பது.

யாரிடம் கேட்பது

பலர் முதலில் போய் நிற்பது எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறை வாசலில். பதவி பெரிது, ஆகவே கடிதத்துக்கும் எடை கூடும் என்று ஒரு கணக்கு. ஆனால் அங்கே விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு நம் எச்.ஓ.டி.யையும் தெரியாது, முதல்வரையும் தெரியாது. இந்த மாணவர் வேலை செய்ததை இவர் பக்கத்தில் இருந்து பார்த்தாரா என்பதைத்தான் அவர் தேடுகிறார். எட்டு மாதம் உங்கள் பிராஜெக்ட் ரிவ்யூவில் உட்கார்ந்து, தவறு சொல்லி, திருத்த வைத்த அசிஸ்டென்ட் புரொபசர் எழுதும் ஒன்றரைப் பக்கம், உங்கள் முகமே தெரியாத டீனின் நான்கு வரிகளைவிட எவ்வளவோ மேல். எச்.ஓ.டி.யே உங்கள் கைடாக இருந்தாரென்றால் நல்லது, அவரிடமே கேளுங்கள்.

அதேபோல, ‘அந்தப் பாடத்தில் ஓ கிரேடு, அந்த மேடத்திடமே கேட்கலாம்’ என்பதும் பாதிதான் சரி. ஓ கிரேடு ஏற்கெனவே மார்க் சீட்டில் இருக்கிறது. அதையே கடிதத்திலும் சொன்னால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. பி பிளஸ் வாங்கிய பாடமாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் நீங்கள் ஒரு மினி பிராஜெக்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு செய்து, அதை ஆசிரியரும் கூட இருந்து பார்த்திருந்தால் அவர்தான் பொருத்தம்.

மூன்று கடிதம் என்றால் மூவரும் மூன்று பக்கம் காட்ட வேண்டும். பிராஜெக்ட் கைடு ஒருவர், முக்கியமான பாடமும் லேபும் எடுத்தவர் ஒருவர், இன்டர்ன்ஷிப்பிலோ வேலையிலோ மேற்பார்த்தவர் ஒருவர் என்பது எம்.எஸ்.ஸுக்குச் சரியான கலவை. பிஎச்.டி.க்கு இது போதாது. மூவரில் இருவராவது உங்கள் ஆராய்ச்சி வேலையை நேரில் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். படிப்பை முடித்து மூன்று நான்கு வருடம் வேலை பார்த்தவர்கள் மேலதிகாரிகளிடம் வாங்கலாம். ஆனாலும் ஒன்றாவது கல்லூரியிலிருந்து வரட்டும். சில படிப்புகள் எல்லாக் கடிதமும் கல்லூரி ஆசிரியரிடமிருந்தே வர வேண்டும் என்று விதி வைத்திருக்கும். அந்தப் படிப்பின் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலை முடிவு செய்ய வேண்டும்.

உறவினர், குடும்ப நண்பரான ஐ.ஏ.எஸ். அதிகாரி, எம்.எல்.ஏ., டியூஷன் மாஸ்டர், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் கடிதங்கள் மேற்படிப்பு விண்ணப்பத்தில் எதற்கும் உதவாது. அப்பா சொன்னார் என்பதற்காகச் சேர்த்தால் ஒரு கடிதத்துக்கான இடம் வீணாகிறது, அவ்வளவுதான்.

கல்லூரி மாறிப்போன ஆசிரியரிடமும் தாராளமாகக் கேட்கலாம். அவர் இப்போதைய கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் எழுதுவார். உங்களுக்கு எந்தக் கல்லூரியில், எந்த வருடங்களில் பாடம் எடுத்தார் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் வராது. தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். பிடித்த ஆசிரியர் விடைபெறுகிறார் என்று தெரிந்த அன்றே அவருடைய சொந்த மெயில் முகவரியையும் போன் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது கேட்பது

கடைசி நாளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பு. நான்கு வாரத்துக்குக் குறைந்தால் அது ஆசிரியரை நெருக்குவது. ‘சார், நாளைக்கு டெட்லைன்’ என்று போய் நின்றால், போன வருடம் வேறொருவருக்கு எழுதிய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றித் தருவார். அப்படி வந்த கடிதங்களில் மாணவி ஒருவரை மூன்றாவது பத்தியில் திடீரென ஆணாக்கிவிடுவது வழக்கமாக நடக்கும் விபத்து. படிப்பவருக்கு அந்த ஒரு சொல்லே போதும், இது நகல் என்று தெரிந்துவிடும்.

நம் கல்லூரி நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அமெரிக்காவின் இலையுதிர்காலச் சேர்க்கைக்கு, பிஎச்.டி.யின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1-க்கும் 15-க்கும் இடையில் விழும். எம்.எஸ். டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். இங்கே அதே நவம்பர், டிசம்பரில்தான் செமஸ்டர் தேர்வு, அதை ஒட்டியே விடைத்தாள் திருத்தும் பணி. ஆசிரியர் வேறு ஊர் மையத்தில் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார். நடுவில் தீபாவளி, மழை விடுமுறை. ஆகவே டிசம்பர் கடைசித் தேதிக்கு அக்டோபர் முதல் பாதியில் கேட்டு, தேர்வு தொடங்குவதற்கு முன் எழுதி வாங்கிவிடுவது நல்லது. ஜனவரிக் கெடு என்றால் பொங்கல் விடுமுறையைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். ஜெர்மனியின் குளிர்காலச் செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், சில படிப்புகளுக்கு அதற்கும் வெகு முன்பே முடிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தேர்வும் கோடை விடுமுறையும் வருவதால், பிப்ரவரி, மார்ச்சிலேயே பேசிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில், ‘மேடம், அடுத்த வருஷம் அப்ளை பண்ணலாம்னு இருக்கேன், அப்போ உங்ககிட்ட வருவேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது. அன்றிலிருந்து அவர் உங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பார்.

நேரில் கேட்பது, பிறகு மெயில்

உள்ளூரில் இருந்தால் முதலில் நேரில் கேளுங்கள். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் நடுவில், அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கும் நேரத்தில் கேட்க வேண்டாம். ‘பத்து நிமிஷம் பேசணும், எப்போ வரலாம் சார்?’ என்று முந்தின நாள் ஒரு செய்தி அனுப்பி, அவர் சொன்ன நேரத்துக்குப் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள் போனில் பேசலாம். வாட்ஸாப்பில் ஒற்றை வரியில் கேட்பது மட்டும் கூடாது.

கேட்கும் வாக்கியத்தில் ஆசிரியர் மறுப்பதற்கும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். ‘எல்.ஓ.ஆர். தருவீங்களா சார்?’ என்றால் பெரும்பாலோர் முகத்துக்காகச் சரி என்பார்கள். ‘என் ஃபைனல் இயர் பிராஜெக்டை வச்சு எனக்கு ஒரு ஸ்ட்ராங்கான லெட்டர் எழுத முடியும்னு நினைக்கிறீங்களா சார்? டிசம்பர் 15-க்குள்ள வேணும், நேரம் இருக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். வலுவாக எழுத விஷயம் இல்லாதவர், நேரத்தைக் காரணம் காட்டி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள முடியும். ‘பார்க்கலாம்பா’, ‘எச்.ஓ.டி.கிட்ட கேட்டியா?’, ‘நிறைய பேர் கேட்டிருக்காங்களே’ என்று பதில் வந்தால் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். திரும்பத் திரும்பப் போய் வாங்கிய கடிதம் ஒப்புக்கு எழுதியதாகத்தான் இருக்கும்.

ஒப்புக்கு எழுதிய கடிதம் ஏன் கெடுதல் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஒழுக்கமானவர், பணிவானவர், தவறாமல் வகுப்புக்கு வருபவர்’ என்று இங்கே எழுதினால் அது பாராட்டு. அமெரிக்கச் சேர்க்கைக் குழுவில் அதையே படிப்பவர், இந்த மாணவரைப் பற்றிச் சொல்ல ஆசிரியருக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை போலும் என்று எடுத்துக்கொள்வார். ஆசிரியர் மனதில் தீங்கு எதுவும் இருக்காது, ஆனால் கடிதம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

ஆசிரியர் சரி என்று சொன்ன அன்று மாலையே மெயில் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான்:

‘மதிப்பிற்குரிய மேடம், இன்று என் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. நான் 2022–26 பேட்ச், மின்னணுவியல் துறை, பி பிரிவு, பதிவெண் இது. ஐந்தாம் செமஸ்டரில் தங்களிடம் மைக்ரோகன்ட்ரோலர் பாடமும் லேபும் படித்தேன். கீழே உள்ள ஆறு பல்கலைக்கழகங்களுக்கு எம்.எஸ். விண்ணப்பிக்கிறேன்; முதல் கடைசித் தேதி டிசம்பர் 15. என் குறிப்புத்தாள், சி.வி., எஸ்.ஓ.பி. வரைவு, மார்க் சீட் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். நவம்பர் முதல் வாரத்தில் பல்கலைக்கழகங்களிலிருந்து தங்கள் கல்லூரி மெயிலுக்கு லிங்க் வரும். அனுப்பும் அன்று தெரிவிக்கிறேன். வேறு ஏதாவது விவரம் தேவைப்பட்டால் சொல்லுங்கள், நேரில் வந்து தருகிறேன்.’

இதற்கு மேல் நீளம் தேவையில்லை. படித்து முடித்துச் சில வருடம் ஆனவர்கள் ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்பலாம். பெயரை வைத்து நினைவுக்கு வராத முகம் படத்தைப் பார்த்ததும் வந்துவிடும்.

ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டியவை

ஆறு ஃபைலை ஆறு மெயிலில் அனுப்பாமல், ஒரே மெயிலில் அல்லது ஒரே டிரைவ் ஃபோல்டரில் போடுங்கள். டிரைவ் என்றால் அவர் திறக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று வேறொரு கணக்கிலிருந்து சோதித்துப் பாருங்கள். சி.வி. இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். எஸ்.ஓ.பி. முடியாமல் இருந்தாலும் வரைவைக் கொடுக்கலாம். நீங்கள் சொல்லும் நோக்கமும் அவர் எழுதுவதும் முரண்படாமல் இருக்க அது உதவும்.

பல்கலைக்கழகப் பட்டியலை ஓர் அட்டவணையாகப் போடுங்கள்: பல்கலைக்கழகம், படிப்பின் முழுப் பெயர், கடைசித் தேதி இந்திய நேரத்தில், கடிதம் போகும் வழி (லிங்க், மெயில், மூடிய உறை), தனியாகப் படிவம் உண்டா. எத்தனை பல்கலைக்கழகம் என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். எட்டு இடத்துக்கு விண்ணப்பித்தால் ஆசிரியர் எட்டு முறை உள்ளே போய், எட்டுப் படிவம் நிரப்பி, எட்டு முறை அப்லோட் செய்ய வேண்டும். மூன்று என்று சொல்லிவிட்டு எட்டு லிங்க் அனுப்பினால் ஐந்தாவதிலேயே அவர் சலித்துவிடுவார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குறிப்புத்தாள். ஒரு பக்கம் போதும். உங்களுக்கும் அந்த ஆசிரியருக்கும் இடையில் நடந்தவை மட்டும் அதில் இருக்க வேண்டும். ஆகவே மூன்று ஆசிரியருக்கும் மூன்று தனித்தனித் தாள். எந்தப் பாடம், எந்த செமஸ்டர், என்ன கிரேடு என்று முதல் இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவர் கண்ணால் பார்த்த நாலைந்து சம்பவங்களை எழுதுங்கள். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ‘லேபில் ஆர்வமாகச் செயல்பட்டேன்’ என்று எழுதினால் அதை வைத்து ஆசிரியர் எதையும் எழுத முடியாது. இப்படி எழுதலாம்: ‘ஆறாவது எக்ஸ்பெரிமென்டில் சென்சார் ரீடிங் தாவித் தாவி வந்தது. மற்ற பேட்சுகள் சராசரி எடுத்து எழுதின. நான் ஆஸிலோஸ்கோப்பில் பவர் லைனைப் பார்த்து இரைச்சல் இருப்பதைக் காட்டினேன். சிப்பின் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்ததும் ரீடிங் தாவாமல் நிலையாக நின்றது. மறு வாரம் நீங்கள் அதை மொத்த வகுப்புக்கும் காட்டச் சொன்னீர்கள்.’ ஆசிரியருக்கு அந்த மதியம் அப்படியே ஞாபகம் வந்துவிடும். மீதியை அவரே எழுதுவார், உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்து எழுதுவார்.

கலைப் பாடங்களிலும் இதே முறைதான். வரலாறு எம்.ஏ. மாணவி ‘செமினார் பேப்பர் நன்றாகச் செய்தேன்’ என்று எழுதாமல், எந்தக் கோயில் கல்வெட்டின் அச்சுப் பாடத்தை எடுத்தார், நேரில் போய் ஒப்பிட்டபோது எந்த வரியில் வேறுபாடு தெரிந்தது, விவாதத்தில் ஆசிரியர் என்ன கேட்டார், அடுத்த வரைவில் என்ன மாறியது என்று எழுத வேண்டும்.

அரியர் இருந்தாலோ, ஒரு செமஸ்டர் மட்டும் சி.ஜி.பி.ஏ. விழுந்திருந்தாலோ அதையும் தாளில் மறைக்காமல் சொல்லுங்கள். உடல்நலம், வீட்டில் இழப்பு போன்ற காரணத்தை மாணவர் தானே எஸ்.ஓ.பி.யில் சொன்னால் சாக்குப்போலப் படும். ஆசிரியர் தன் கடிதத்தில் இரண்டு வரியில் சொன்னால் நம்புவார்கள். அதை எழுத அவருக்கு விருப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. மார்க் சீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் சர்நேமாக நிற்கும் இன்னொரு பெயர், வகுப்பில் கூப்பிடுவது மூன்றாவது பெயர். விண்ணப்பம் பாஸ்போர்ட் பெயரில்தான் போகும். கடிதத்திலும் முதல் வரியில் அந்தப் பெயர் எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். அதைக் குறிப்புத்தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் போடுங்கள். அப்பா பெயரைச் சர்நேம் என்று எடுத்துக்கொண்டு கடிதம் முழுக்க அப்பாவைப் பாராட்டி எழுதுவது போலாகிவிடும் என்பதால், அடுத்த பத்திகளில் எந்தப் பெயரால் குறிப்பிடலாம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

‘நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’

இதைக் கேட்காத மாணவர் நம் கல்லூரிகளில் குறைவு. ஆசிரியர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர் மேசையில் இருக்கும் வேலை அப்படி. ஆனால் இதில் மாணவருக்குத்தான் ஆபத்து. கடிதத்தை விண்ணப்பதாரர் எழுதக்கூடாது என்று பல பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. விதியை விட்டாலும், மூன்று கடிதத்தையும் ஒரே கை எழுதினால் அது தெரியும்: ஒரே மாதிரி வாக்கியம், ஒரே பிடித்த சொற்கள், எஸ்.ஓ.பி.யிலும் அதே நடை. வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படிப்பவர் கண்ணுக்கு இது உடனே படும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை எடுத்தாலும், சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கினாலும் இதே கதை. பளபளப்பாக இருக்கும், உள்ளே ஒரு சம்பவமும் இருக்காது. இன்னொன்று, மாணவருக்குத் தன்னைப் பற்றி எழுதத் தெரியாது. அடக்கத்தால் குறைத்து எழுதுவார், அல்லது ‘என் 25 வருட அனுபவத்தில் இப்படி ஒரு மாணவரைக் கண்டதில்லை’ என்று ஆசிரியர் வாயில் திணிப்பார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் மறுத்துப் பேச வேண்டாம். ‘சார், ஸ்டூடன்ட் எழுதக் கூடாதுன்னு அந்த யுனிவர்சிட்டி போட்டிருக்காங்க. ஆனா உங்க வேலையைக் குறைக்க பாயிண்ட் எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்’ என்று குறிப்புத்தாளை நீட்டுங்கள். பலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சிரமம் தருவது வெற்றுத்தாள்தான். தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால், அவருக்கு வசதியான நேரத்தில் போனில் ரெக்கார்ட் செய்து சொல்லச் சொல்லலாம். அதைத் துறை அலுவலரோ அவருடைய ஆய்வு மாணவரோ தட்டச்சு செய்து அவரிடமே கொடுக்கட்டும். கடித அமைப்பு தெரியவில்லை என்று தயங்கினால், தாளின் பின்பக்கத்தில் நாலு கேள்வி எழுதிக் கொடுங்கள்: எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும்? நேரில் பார்த்த வேலை எது, அதில் என்ன தனித்து நின்றது? தாங்கள் பாடம் எடுத்த மாணவர்களில் எந்த இடத்தில் வைப்பீர்கள்? மேற்படிப்புக்கு எந்தக் குணம் உதவும், எதில் இன்னும் வளர வேண்டும்? இந்த வரிசையில் பதில் எழுதினாலே ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் வந்துவிடும். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

எப்படிச் சொல்லியும் எழுத மாட்டேன் என்பவரிடமிருந்து வேறு ஆசிரியருக்கு மாறிவிடுவதே எங்கள் ஆலோசனை.

போர்ட்டல், லிங்க், கையெழுத்து

இப்போது பெரும்பாலான கடிதம் ஆன்லைனில்தான். விண்ணப்பத்தில் ஆசிரியர் பெயர், பதவி, மெயில் கொடுத்ததும் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு தனி லிங்க் அனுப்பும். சில போர்ட்டல்கள் நீங்கள் விவரம் சேமித்தவுடனே அனுப்பிவிடும், சில நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துக் கட்டணம் கட்டிய பிறகே அனுப்பும். இது தெரியாமல் கடைசி நாள் இரவு சமர்ப்பித்துவிட்டு ஆசிரியரைத் தேடுபவர்கள் ஏராளம். எந்த வகை என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். ஆசிரியரிடம் பேசாமல் அவர் மெயிலைப் போர்ட்டலில் போடுவது பெரிய மரியாதைக் குறைவு. திடீரென வந்த லிங்க்கைப் பலர் திறப்பதும் இல்லை.

ஜிமெயில் முகவரியைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்காது, சில ஏற்றாலும் கூடுதலாகச் சரிபார்க்கும். கல்லூரி முகவரிதான் வேண்டும். நம் ஆசிரியர்கள் பலருக்குக் கல்லூரி மெயில் இருக்கும், ஆனால் திறந்து வருடம் ஆகியிருக்கும். பாஸ்வேர்ட் மறந்திருக்கும், பெட்டி நிரம்பியிருக்கும். அக்டோபரிலேயே அதற்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கல்லூரியின் கணினிப் பிரிவில் சொல்லிச் சரிசெய்ய நேரம் இருக்கும். போர்ட்டலில் முகவரியை அடிக்கும்போது ஓர் எழுத்து பிசகினால் லிங்க் எங்கோ போய்விடும். அவர் அனுப்பிய மெயிலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். லிங்க் போனதும் அவரை ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயரில் நீங்களே ஒரு மெயில் முகவரி உருவாக்கிக் கடிதம் அனுப்புவது மோசடி. சேர்க்கைக்குப் பிறகு தெரிந்தாலும் இடம் போகும்.

அமெரிக்க விண்ணப்பங்களில், கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் தொடர்பான சட்டம் ஒன்றின்படி, அங்கே சேர்ந்த மாணவருக்குத் தன் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்கிறேன் என்பதையே தேர்ந்தெடுங்கள். மாணவர் பார்க்கப்போகும் கடிதத்தில் ஆசிரியர் மனம் திறந்திருக்க மாட்டார் என்று படிப்பவர்கள் கருதுவார்கள், ஆசிரியருக்கும் அந்தப் பதில் தெரியும். அப்படித் தேர்ந்தெடுத்த பிறகு ‘காப்பி கொடுங்க சார்’ என்று கேட்கவும் கூடாது. அவராகக் காட்டினால் அது வேறு.

சில படிவங்களில் கடிதத்தோடு மதிப்பீட்டுக் கட்டங்களும் இருக்கும்: அறிவுத்திறன், எழுத்து, விடாமுயற்சி போன்றவற்றில் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று. எல்லாவற்றுக்கும் மேல்கட்டத்தையே டிக் செய்துவிட்டுக் கடிதம் மட்டும் சப்பென்று இருந்தால் இரண்டுமே மதிப்பிழக்கும். இப்படி ஒரு பகுதி உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது போதும். எதை டிக் செய்வது என்பது அவர் விருப்பம்.

கடிதம் கல்லூரி லெட்டர்ஹெட்டில், தேதி, கையெழுத்து, பதவி, துறை, தொடர்பு மெயிலுடன் இருக்க வேண்டும். சில கல்லூரிகளில் லெட்டர்ஹெட்டுக்கு முதல்வர் அனுமதி வேண்டும். அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். மொபைலில் நிழல் விழ எடுத்த படம் வேண்டாம், ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வேண்டும். பாஸ்வேர்ட் போட்ட பி.டி.எஃப். பல போர்ட்டல்களில் ஏறாது. கோப்பு அளவுக்கும் வரம்பு இருக்கும். மூடிய உறை கேட்கும் இடங்களில், ஒட்டிய மடிப்பின் மேல் ஆசிரியர் கையெழுத்திட்டுத் துறை முத்திரை குத்த வேண்டும். அதை நீங்கள் பிரிக்கக் கூடாது.

கடைசி நேரத்தையும் நம் நேரத்துக்கு மாற்றிச் சொல்லுங்கள். டிசம்பர் 15 இரவு 11.59, அமெரிக்கக் கிழக்கு நேரம் என்றால் நமக்கு டிசம்பர் 16 காலை 10.29. பசிபிக் நேரம் என்றால் பிற்பகல் 1.29. இதை நீங்கள் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் ஒரு வாரம் முந்திய தேதியைச் சொல்லுங்கள். கடிதம் சில நாள் தாமதமானால் சில பல்கலைக்கழகங்கள் பொறுத்துக்கொள்ளும், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

நினைவூட்டுவது

எந்தக் கடிதம் போயிற்று, எது பாக்கி என்று போர்ட்டலே காட்டும். கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மெயில், ஒரு வாரம் முன்பு இன்னொன்று, இரண்டு மூன்று நாள் இருக்கும்போது போன். ‘இன்னும் அனுப்பலையே சார்’ என்று ஆரம்பிக்காமல், ‘நாலு இடத்துக்குப் போயிடுச்சு சார், ரொம்ப நன்றி. ரெண்டு பாக்கி இருக்கு, லிங்க் வந்துச்சான்னு பார்க்கிறீங்களா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் லிங்க் ஸ்பேமில் இருக்கும் அல்லது காலாவதியாகியிருக்கும். போர்ட்டலில் மறுபடி அனுப்பும் பட்டன் உண்டு. இதற்குள் நான்காவதாக ஓர் ஆசிரியரிடமும் சொல்லி வைத்திருப்பது புத்திசாலித்தனம். பல போர்ட்டல்களில் கெடுவுக்கு முன் ஒருவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவரைச் சேர்க்கலாம்.

எல்லாம் போய்ச் சேர்ந்ததும் நன்றி மெயில் ஒன்று. கடிதம் வாங்குவதற்கு முன் பரிசு, ஸ்வீட் எதுவும் கொண்டு போகாதீர்கள், ஆசிரியருக்குச் சங்கடம். இடம் கிடைத்த பிறகு ஸ்வீட் பாக்ஸோடு போவது வேறு, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இடம் கிடைக்காவிட்டாலும் முடிவைச் சொல்லுங்கள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தால் புது லிங்க் வரும், பழைய கடிதம் தானாகப் போகாது. இடைப்பட்ட வருடத்தில் செய்த வேலையைக் குறிப்புத்தாளில் சேர்த்து, செப்டம்பரில் போய்ப் பார்த்தால், தேதியையும் ஒரு பத்தியையும் மாற்றுவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.